முதலில் மீட்பு, பிறகு கழிவு

வேலை காணாமல் போனது தெரிந்ததும் முதலில் கீபோர்டிலிருந்து கையை எடுங்கள். கிட் தானாக அழித்த வேலை மிகக் குறைவு. பதற்றத்தில் மனிதர்கள் அடுத்தடுத்து அடித்த கட்டளைகளால் அழிந்ததே அதிகம் என்பது என் கணிப்பு. யாரோ சொன்னதை நம்பி ஒரு ரீசெட், அது சரிவரவில்லை என்று இன்னொன்று, கடைசியில் 'எல்லாம் குழம்பிவிட்டது' என்று கோப்புறையையே அழித்துவிட்டு மறுபடி குளோன். இந்த மூன்றாவது படிதான் உண்மையான இழப்பு. அதுவரை கமிட் செய்ததெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் ஒரு மரச்சிற்பக் கூடம். அந்த ஊர்ச் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. வெளியூரிலிருந்து வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது போட்டோ. எனவே தசாவதாரப் பலகை, கோயில் வாகனம், நிலைக்கதவு எல்லாவற்றையும் படத்தோடும் அளவோடும் காட்டும் ஓர் இணையப் பட்டியலை அந்த வீட்டுப் பிள்ளைகள் இருவர் செய்கிறார்கள். தம்பி ஊரில் இருந்து கல்லூரிக்குப் போய்வருகிறான், அண்ணன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ரெப்போ கிட்ஹப்பில் இருக்கிறது. ஒருநாள் காலை போன் வருகிறது.

"அண்ணே, நேத்து ராத்திரி எழுதுன ஆர்டர் பாரம் பூரா போச்சுண்ணே."

"கமிட் போட்டியாடா?"

"போட்டேன். அப்புறம் ரீசெட் ஹார்ட் அடிச்சேன்."

"சரி, ஒண்ணும் பண்ணாத. லேப்டாப்ப அப்படியே வை."

அண்ணன் கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் மீட்பு அடங்கியிருக்கிறது. வாகைப் பலகையில் உளி தவறி ஒரு சில்லு தெறித்தால் அதை ஒட்டவைக்க முடியாது, கமிட் அப்படியில்லை. ரீசெட் அடித்தால் கமிட்டுகளைப் பொறுத்தவரை நகர்வது, 'இப்போது இங்கே இருக்கிறோம்' என்று காட்டும் குறி மட்டுமே. பழைய கமிட் வட்டிலேயே கிடக்கிறது. அதைச் சுட்டிக்காட்டப் பெயர் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பெயரில்லாத பொருள்கள்தான் ரெப்போவின் குப்பை. உங்கள் தொலைந்த வேலையும் அந்தக் குப்பையில்தான் இருக்கிறது. மீட்பையும் கழிப்பையும் ஒரே அத்தியாயத்தில் வைத்ததற்குக் காரணம் இதுதான்: எதையாவது தேடிக்கொண்டிருக்கும்போது எதையும் கூட்டிப் பெருக்கக் கூடாது.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். 'இரட்டைக்கோடு' என்றால் இடைவெளியில்லாமல் இரண்டு சிறு கோடுகள்.

தொடுவதற்கு முன் ஒரு நகல்

திட்டக் கோப்புறையை முழுதாக, அதற்குள் மறைந்திருக்கும் 'புள்ளி கிட்' கோப்புறையோடு சேர்த்து, வேறொரு இடத்துக்கு நகலெடுங்கள். பென்டிரைவ் போதும். குளோன் எடுத்தால் இந்த வேலை நடக்காது. பெயருள்ளவற்றை மட்டுமே குளோன் கொண்டுவரும். நாம் தேடுவது பெயரில்லாததை. நடமாட்டக் குறிப்பேடான ரீஃப்லாக்கும் குளோனில் வராது. கோப்புறையை அப்படியே நகலெடுத்தால்தான் இரண்டும் கிடைக்கும். அதன்பிறகு என்ன சோதனை செய்தாலும் பயமில்லை.

கமிட் போட்டிருந்தால்

'கிட் ரீஃப்லாக்' என்று தட்டுங்கள். ஹெட் என்னும் குறி நேற்று, முந்தாநாள் எங்கெல்லாம் நின்றது என்ற பட்டியல் வரும்: கமிட் போட்டது, கிளை மாறியது, ரீசெட் அடித்தது, எல்லாம். 'இரட்டைக்கோடு டேட் சமம் ஐஎஸ்ஓ' என்று சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் நாளும் மணியும் கிடைக்கும். 'நேத்து ராத்திரி பத்தரைக்கு மேல' என்று தம்பிக்கு நினைவிருந்தால் தேட வேண்டியது சில வரிகள்தான். ரீசெட் என்று எழுதிய வரிக்கு நேர் கீழே உள்ளது, அதாவது அதற்கு முந்தைய நிலை, அவன் தேடும் கமிட்.

அந்த வரியின் தொடக்கத்தில் ஏழெட்டு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கும். உடனே இன்னொரு ரீசெட் அடித்து அங்கே தாவாதீர்கள். முதலில் அதற்கு ஒரு பெயர் வையுங்கள்: 'கிட் பிராஞ்ச் மீட்பு' என்று எழுதி, பக்கத்தில் அந்த அடையாளம். (பிராஞ்ச் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது.) பெயர் விழுந்த நொடியிலிருந்து அந்தக் கமிட் குப்பை இல்லை, எந்தத் துப்புரவும் அதைத் தொடாது. பிறகு டீ குடித்துவிட்டு வந்து, அதிலிருந்து எது வேண்டும் என்று நிதானமாகப் பார்க்கலாம்.

ரீபேஸ் கெட்டுப்போனவர்கள் வெறும் ரீஃப்லாக்கைப் பார்த்தால் தலை சுற்றும், ஏனென்றால் ரீபேஸின் ஒவ்வொரு அடியும் ஹெட்டின் குறிப்பில் ஒரு வரியாக விழுந்திருக்கும். 'கிட் ரீஃப்லாக்' என்பதற்குப் பிறகு கிளையின் பெயரையும் தட்டுங்கள். அந்தக் கிளைக்கென்று உள்ள தனிக் குறிப்பில் முழு ரீபேஸும் ஒரே வரி. அதற்கு முந்தைய வரிதான் பழைய நிலை. பல ஆண்டுகள் கிட் பயன்படுத்தியவர்களுக்கே இது தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கிளையையே அழித்துவிட்டீர்களா? அழிக்கும்போது கிட் அந்தக் கிளையின் கடைசி அடையாளத்தைத் திரையில் எழுதிவிட்டுத்தான் போகும். டெர்மினலை மேலே தள்ளிப் பாருங்கள். டெர்மினலை மூடிவிட்டிருந்தால், கிளையின் சொந்தக் குறிப்பு அதனோடு போயிருக்கும். ஆனால் அந்தக் கிளையில் நின்று வேலை பார்த்த தடம் ஹெட்டின் குறிப்பில் இருக்கும்.

இதற்குக் காலக்கெடு உண்டு. இப்போதைய கிளையிலிருந்து எட்ட முடியாத கமிட்டைக் காட்டும் ரீஃப்லாக் வரி 30 நாளும், எட்ட முடிந்ததைக் காட்டும் வரி 90 நாளும் இருக்கும் என்பது இயல்பு அமைப்பு. அதற்குள் வந்தவருக்குக் கிடைக்கும். இன்னொன்று, இந்தக் குறிப்பு அந்தந்தக் கணினிக்கு மட்டுமே உரியது. தம்பியின் லேப்டாப்பில் நடந்ததை அண்ணனின் ரீஃப்லாக் காட்டாது.

ஆட் மட்டும் செய்திருந்தால்

'கிட் ஆட்' அடித்த கணத்திலேயே கோப்பின் உள்ளடக்கம் ரெப்போவுக்குள் ஒரு பொருளாக எழுதப்பட்டுவிடுகிறது. கமிட் வராமல் ரீசெட் ஹார்ட் வந்தாலும் அந்தப் பொருள் கிடக்கும்; ஆனால் கோப்பின் பெயர் அதில் இருக்காது. 'கிட்' என்பதற்குப் பின் எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்து, அதன்பின் 'இரட்டைக்கோடு லாஸ்ட் கோடு ஃபவுண்ட்' என்று தட்டுங்கள். அநாதையாகக் கிடப்பவற்றைப் பொறுக்கி, 'புள்ளி கிட்' கோப்புறைக்குள் லாஸ்ட்-ஃபவுண்ட் என்ற கோப்புறையில் போட்டுவைக்கும். கமிட்டுகள் ஓர் உட்கோப்புறையில், கோப்பு உள்ளடக்கங்கள் 'அதர்' என்ற இன்னொன்றில். பெயர்களெல்லாம் நாற்பது எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டாம். தொலைந்த கோப்பில் கட்டாயம் இருந்த ஒரு சொல்லை, நம் எடுத்துக்காட்டில் 'ஆர்டர் பாரம்' என்ற தலைப்பை, அந்தக் கோப்புறை முழுக்கத் தேடுங்கள்.

கைதவறி டிராப் ஆன ஸ்டாஷுக்கும் வழி இதுதான். ஸ்டாஷ் என்பதும் உள்ளுக்குள் ஒரு கமிட்தான். கமிட் பகுதியில் வந்தவற்றில், செய்தி 'டபிள்யூஐபி ஆன்' என்று தொடங்குவதைப் பாருங்கள். கிடைத்ததும் 'கிட் ஸ்டாஷ் அப்ளை' கட்டளைக்குப் பக்கத்தில் அதன் அடையாளத்தைக் கொடுத்தால் வேலை திரும்பும்.

ஒன்றுமே செய்யாமல் இருந்தால்

ஆட்டும் இல்லை, கமிட்டும் இல்லை என்றால் கிட்டுக்கு அந்த எழுத்தைத் தெரியவே தெரியாது. எடிட்டரிடம்தான் கேட்க வேண்டும். விஎஸ் கோடில் 2022 மார்ச் பதிப்பிலிருந்து உள்ளூர் வரலாறு என்ற வசதி இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்ததையும் அது தனியே வைத்திருக்கும், டைம்லைன் பகுதியில் பார்க்கலாம். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களிலும் இதுபோன்றது உண்டு. விம் பயன்படுத்துபவர்கள் ஸ்வாப் கோப்பைத் தேடலாம். எடிட்டரில் அந்தக் கோப்பு இன்னும் திறந்தே இருந்தால் மூடிவிடாதீர்கள். அன்டூ அடித்தே திரும்பலாம்.

மின்சாரம் போய் அப்படியே அணைந்த மேசைக் கணினியில் வேறு வகைச் சிக்கல் வரும். அப்போதுதான் எழுதிக்கொண்டிருந்த பொருள் கோப்பு, அளவு சுழியமாக நின்றுவிடும். மறுநாள் எந்தக் கட்டளை அடித்தாலும் 'பொருள் கோப்பு காலி' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி வந்து கழுத்தைப் பிடிக்கும். நகலெடுத்த பிறகு அந்தக் காலிக் கோப்புகளை அகற்றிவிட்டு 'கிட் ஃபெட்ச்' அடியுங்கள். சேவையகத்திலோ அண்ணனின் கணினியிலோ அந்தப் பொருள் இருந்தால் அங்கிருந்து அதே பெயரில் வந்து அமரும், ஏனென்றால் ஒரே உள்ளடக்கத்துக்கு உலகம் முழுக்க ஒரே அடையாளம். கடைசிக் கமிட்டே காலியாகிவிட்டால் ரீஃப்லாக்கில் அதற்கு முந்தையதைப் பிடித்துத் தொடங்க வேண்டியதுதான். கோப்பின் இப்போதைய வடிவம் கோப்புறையிலேயே இருப்பதால் பெரும்பாலும் நஷ்டம் ஒரு கமிட் செய்திதான்.

ஃபோர்ஸ் புஷ்

மற்றவர் வேலையை அழிக்கக்கூடிய ஒரே அன்றாடக் கட்டளை இது. 2013 நவம்பரில் ஜென்கின்ஸ் திட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். ஒரு பங்களிப்பாளர் தெரியாமல் அடித்த ஃபோர்ஸ் புஷ், கிட்ஹப்பில் இருந்த 150க்கும் மேற்பட்ட ரெப்போக்களின் கிளைகளைப் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டது. கமிட்டுகள் சேவையகத்தில் அழியவில்லை, பெயர்கள்தான் பின்னுக்குப் போயின. கிட்ஹப் ஊழியர்களின் உதவியோடு பழைய அடையாளங்களைத் தெரிந்துகொண்டு கிளைகளைப் பழையபடி நிறுத்தினார்கள். அதே மாதக் கடைசியில் வந்த கிட் 1.8.5 பதிப்பில் 'ஃபோர்ஸ் வித் லீஸ்' என்ற விருப்பக்குறி சேர்ந்தது. நீங்கள் கடைசியாகப் பார்த்த நிலையிலேயே சேவையகக் கிளை இருந்தால் மட்டும் தள்ளும், இடையில் யாராவது புதிதாகச் சேர்த்திருந்தால் மறுக்கும். ஆனால் பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்யும் எடிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் காவல் பாதிதான். அந்த ஃபெட்ச்சையே 'நீங்கள் பார்த்தது' என்று கிட் எடுத்துக்கொள்ளும்.

இருவர் மட்டும் உள்ள ரெப்போவில் இதற்கு மருந்து எளிது. அடுத்தவர் கணினியில் புல் செய்யாமல் அப்படியே இருக்கும் கிளையிலிருந்து மறுபடி புஷ் செய்தால் போதும். புல் செய்துவிட்டிருந்தாலும் அவருடைய ரீஃப்லாக்கில் சேவையகக் கிளையின் பழைய நிலை இருக்கும்.

ஆனால் எல்லா நகல்களும் ஒரே தவறைப் பின்பற்றினால் எத்தனை நகல் இருந்தும் பயனில்லை. 2013 மார்ச்சில் கேடிஇ திட்டத்தின் முதன்மை கிட் சேவையகத்தில் கோப்பு முறைமை பழுதானது. சுமார் 1500 ரெப்போக்கள். உலகெங்கும் இருந்த கண்ணாடிப் படிகள் தம் வேலையை ஒழுங்காகச் செய்தன, அதாவது பழுதையும் அப்படியே இழுத்துக்கொண்டன. ஒரே ஒரு சேவையகத்தில் நல்ல படி தப்பியிருந்ததால் பிழைத்தார்கள். தானாக ஒத்திசையும் படியைக் காப்புப்படி என்று எண்ண வேண்டாம். வாரம் ஒருமுறை 'கிட் பண்டில் கிரியேட்', ஒரு கோப்புப் பெயர், 'இரட்டைக்கோடு ஆல்' என்று தட்டினால் முழு வரலாறும் ஒரே கோப்பாகக் கிடைக்கும். தேதி போட்டுப் பென்டிரைவில் வையுங்கள்.

இனி கழிக்கலாம்

மீட்பு முடிந்து, மீட்டதை புஷ் செய்து, அடுத்தவர் கணினியிலும் பார்த்துவிட்ட பிறகு இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

ரெப்போவில் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் கிளைகளின் பெயர்க் கூட்டம்தான்: 'டெஸ்ட்', 'டெஸ்ட்2', 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு'. 'கிட் பிராஞ்ச் இரட்டைக்கோடு மெர்ஜ்ட் மெயின்' என்று கேட்டால் மெயினில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கிளைகளைக் காட்டும். அவற்றைச் சின்ன 'டி' போட்டு அழியுங்கள். சேராத கிளையென்றால் சின்ன 'டி' மறுத்துவிடும். அந்த மறுப்பை மதியுங்கள். பெரிய 'டி' என்பது கிட்டின் வாயைப் பொத்திவிட்டு அழிப்பது. ஸ்குவாஷ் முறையில் மெர்ஜ் செய்யும் குழுக்களுக்கு மட்டும் இந்தப் பட்டியல் உதவாது, ஏனென்றால் கமிட் புதிதாகப் பிறப்பதால் பழைய கிளை சேராதது போலவே தெரியும். சந்தேகமான கிளைக்கு அழிப்பதற்கு முன் ஒரு டேக் வைத்துவிடுங்கள். டேக் இடத்தை அடைக்காது, பிராஞ்ச் பட்டியலையும் நிரப்பாது.

சேவையகத்தில் போய்விட்ட கிளைகளின் நிழல் உங்கள் கணினியில் நிற்கும். 'கிட் ஃபெட்ச் இரட்டைக்கோடு ப்ரூன்' அதைத் துடைக்கும். பழைய ஸ்டாஷ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து விடுங்கள். மொத்தமாக அழிக்கும் 'கிளியர்' வேண்டாம்.

நான் உண்மையில் பயப்படுவது 'கிட் கிளீன்' என்ற கட்டளைக்குத்தான். கிட் கண்காணிக்காத கோப்புகளை அது அழிக்கிறது. கண்காணிக்காததால் ரெப்போவில் அவற்றுக்குப் படி இல்லை, ரீஃப்லாக் இல்லை, குப்பைத்தொட்டிக்கும் போகாது. மீட்பு இல்லாத ஒரே அன்றாடத் துப்புரவு. எப்போதும் முதலில் 'என்' விருப்பக்குறியோடு ஓட்டுங்கள். எதை அழிக்கப்போகிறது என்று சொல்லும், அழிக்காது. 'எக்ஸ்' சேர்த்தால் இக்னோர் பட்டியலில் உள்ளவற்றையும் அழிக்கும். கட்டண வாயிலின் சாவி எழுதிவைத்த 'புள்ளி என்வ்' கோப்பும், இன்னும் சேர்க்காத போட்டோ கோப்புறையும் அதில்தான் இருக்கும். கிளீனுக்குப் பதில் 'கிட் ஸ்டாஷ்' கட்டளையோடு 'யூ' விருப்பக்குறி சேர்த்தால் கண்காணிக்காத கோப்புகளும் ஸ்டாஷுக்குள் போய்விடும். ஒரு மாதம் தேவைப்படவில்லை என்றால் பிறகு விடுங்கள்.

'கிட் ஜிசி' பற்றிக் கவலை வேண்டாம். சிதறிய பொருள்கள் ஏறத்தாழ 6700ஐத் தாண்டினால் அது தானாகவே ஓடும். எட்ட முடியாத பொருளையும் இரண்டு வாரம் ஆகாமல் தொடாது. 'இரட்டைக்கோடு ப்ரூன் சமம் நவ்' என்று சேர்த்து அந்த இரண்டு வாரத்தையும் பறித்துக்கொள்ளும் அவசரம் தம்மம்பட்டியில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் அன்றாடத்தில் வராது.

படங்கள் பெருத்துவிட்டால்

சிற்பப் பட்டியல் போன்ற திட்டங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போனில் எடுத்த ஒரு யாளிப் படம் 6 எம்பி என்று வையுங்கள். வெளிச்சம் கூட்டி ஒரு முறை, பின்புறம் வெட்டி ஒரு முறை, அளவுகோல் வைத்து ஒரு முறை மாற்றிக் கமிட் செய்தால், வரலாற்றில் 24 எம்பி. ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் இரண்டு படிகளுக்கு இடையே வித்தியாசத்தை மட்டும் சேமிக்கும் கிட்டின் திறமை அதனிடம் செல்லாது. சிற்பி செதுக்குவதைக் காட்டும் வீடியோவையும் போட்டுவிட்டால் புஷ் நின்றே போகும். கிட்ஹப் 50 எம்பியில் எச்சரிக்கும், 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. அப்போது அந்தக் கோப்பை அழித்து இன்னொரு கமிட் போட்டுவிட்டு 'இன்னும் புஷ் ஆகலையே' என்று திகைப்பார்கள். முந்தைய கமிட்டில் அது இருக்கிறதே! இன்னும் புஷ் ஆகாத கடைசிக் கமிட் அதுவென்றால் 'அமெண்ட்' போட்டுச் சரிசெய்துவிடலாம்.

வரலாற்றின் ஆழத்தில் இருந்தால் 'கிட் ஃபில்டர் ரெப்போ' என்ற தனிக் கருவி வேண்டும். பழைய புத்தகங்களில் வரும் 'ஃபில்டர் பிராஞ்ச்'சை விட்டுவிடுங்கள். அதன் சொந்தக் கையேடே வேறு கருவிக்குப் போகச் சொல்கிறது. முதலில் 'கிட் கவுண்ட் ஆப்ஜெக்ட்ஸ்' கட்டளையோடு 'விஹெச்' (ஹெச் மட்டும் பெரிய எழுத்து) சேர்த்து ரெப்போ எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பாருங்கள். சில நூறு எம்பி என்றால் நான் தொடவே மாட்டேன். வரலாற்றைத் திருத்தினால் அந்த இடத்துக்குப் பிந்தைய ஒவ்வொரு கமிட்டின் அடையாளமும் மாறும். அந்தத் தொல்லைக்கு அது தகுதியான அளவில்லை.

செய்தே ஆக வேண்டுமென்றால், முதலில் மிரர் குளோன் ஒன்றை எடுத்துத் தனியே வையுங்கள். ஃபில்டர் ரெப்போ வேலை முடிந்ததும் ரீஃப்லாக்கைத் துடைத்து, அநாதைப் பொருள்களையும் அப்போதே கழித்துவிடும். இதுவரை சொன்ன எந்த மீட்பும் அங்கே பலிக்காது. அதனால்தான் அது புத்தம் புதிய குளோனில் மட்டுமே ஓடுவேன் என்று அடம்பிடிக்கிறது. ஆரிஜின் முகவரியையும் கழற்றிவிடும், நீங்களே மறுபடி சேர்க்க வேண்டும்.

நீக்கியது கடவுச்சொல் அல்லது சாவி என்றால் வரலாற்றைத் திருத்துவது இரண்டாவது வேலை. முதல் வேலை அந்தச் சாவியை ரத்துசெய்து புதியது வாங்குவது. ஒருமுறை புஷ் ஆனதை யார் எடுத்துவைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது.

திருத்திய வரலாற்றைத் தள்ளும் நாளை இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் அண்ணன் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் புஷ் செய்திருக்க வேண்டும். தள்ளி முடித்ததும் அவன் பழைய கோப்புறையைப் பெயர் மாற்றி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். பழையதில் புல் அடிக்கக் கூடாது. அடித்தால் பழைய வரலாறும் புதியதும் மெர்ஜ் ஆகி, அடுத்த புஷ்ஷில் நீக்கிய பெரிய கோப்புகள் மறுபடி கிட்ஹப்பின் வாசலில் வந்து நிற்கும்.